நைத்திரோசமைன்: டி.என்.ஏ.யில் விழும் சேதம் எப்போது விகாரமாகிறது?

நைத்திரோசமைன் டி.என்.ஏ.யைத் தாக்கி விகாரத்தை, அதாவது அதன் எழுத்து வரிசையில் நிலைத்துவிடும் மாற்றத்தை, உண்டாக்கும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரியை நம்பி, தூய நைத்திரோசமைனைப் பற்றீரியா வளரும் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால் அநேகமாக ஒன்றுமே நடக்காது. பற்றீரியா தன்பாட்டில் வளரும்; விகாரிகளின் எண்ணிக்கை கூடாது. ஆனால் இந்தக் குடும்பத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறான என்.டி.எம்.ஏ.யை (நைத்திரோசோ இருமெதைல் அமைன்) உணவோடு கொடுத்தபோது எலிகளின் ஈரலில் புற்றுக்கட்டி வந்தது. பிரித்தானியாவில் மகீ, பார்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் அதைக் காட்டினார்கள்.

எலியின் ஈரலில் நடப்பது பற்றீரியாக் கிண்ணத்தில் ஏன் நடப்பதில்லை? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் பாடம் முழுவதும் பிடிபட்டுவிடும். விகாரம் பிறக்க மூன்று காரியம் நடந்தாக வேண்டும். சேர்மம் முதலில் வேறொன்றாக உருமாற வேண்டும். உருமாறியது டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதைத் திருத்தும் புரதம் வந்து சேர்வதற்குள் கலம் தன் டி.என்.ஏ.யை இரட்டித்துவிட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விகாரம் கிடையாது. டி.என்.ஏ.யில் சேதம் விழுவது ஒன்று, அது விகாரமாவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் மாணவர்கள் இந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள்.

எங்கிருந்து வருகிறது

ஒரு நைதரசன் அணுவில் இரண்டு காபன் கூட்டங்கள் இணைந்திருந்தால் அது துணை அமைன். அந்த நைதரசனோடு இன்னொரு நைதரசனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்த நைத்திரோசோக் கூட்டம் ஒட்டிக்கொண்டால் அதுவே நைத்திரோசமைன். ஆகவே தேவைப்படுவது இரண்டு பொருட்கள்: துணை அமைன் ஒன்று, நைத்திரைற்று ஒன்று. இரண்டும் அமில ஊடகத்தில் சந்திக்க வேண்டும். பீ.எச். 3 முதல் 3.5 வரை உள்ளபோது இத்தாக்கம் பொதுவாக மிக வேகமாக நடக்கும். சாப்பிட்ட பிறகு இரைப்பையின் பீ.எச். இந்த எல்லையைத் தொட்டுச் செல்கிறது. எளிய துணை அமைன்களில் தாக்கவேகம் நைத்திரைற்றுச் செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. நைத்திரைற்று இருமடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். பாதியானால் கால்வாசியாகக் குறையும்.

இலங்கை மலையகத்துச் சமையலறையில் இவ்விரண்டும் தனித்தனி வழியாக வருகின்றன. கடல்மீனில் இயல்பாகவே உள்ள ஒரு நைதரசன் சேர்மம், மீன் பழுதாகும்போதும் கருவாடாகக் காயும்போதும் உடைந்து இருமெதைல் அமைனைத் தருகிறது. அதுதான் என்.டி.எம்.ஏ.க்கு வேண்டிய துணை அமைன். நைத்திரைற்று வரும் வழி சற்றுச் சுற்றானது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் பீட்ரூட், சலாது, கீரை வகைகளில் நைத்திரேற்று நிறைய உண்டு. நைதரசன் உரம் கூடினால் அதுவும் கூடும். உண்ட நைத்திரேற்றில் ஏறத்தாழ கால்வாசி குருதிவழி சுற்றி உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது. வந்ததில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை நாக்கில் வாழும் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றுகிறது. அதை நாம் விழுங்குகிறோம்.

இதைப் படித்துவிட்டு மரக்கறியைக் குறைக்க வேண்டாம். பச்சை மரக்கறியோடு விற்றமின் சீயும் உள்ளே போகிறது. அது நைத்திரைற்றை நைத்திரிக் ஒட்சைட்டாகத் தாழ்த்தி, அமைனை அடையவிடாமல் மறிக்கிறது. மிர்விஷ் என்பவரும் கூட்டாளிகளும் 1972இல் இதைக் காட்டிய பிறகுதான், நைத்திரைற்று இட்டுப் பதப்படுத்தும் இறைச்சியில் விற்றமின் சீ அல்லது அதன் உறவுச் சேர்மம் ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் வேரூன்றியது. தேயிலையில் உள்ள கற்றெக்கின்களும் ஆய்வுகூடக் குழாயில் இதே மறிப்பைச் செய்கின்றன. ஆனால் குழாயில் கண்டதை வைத்து, சாயத் தேத்தண்ணி புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஈரல் செய்யும் உருமாற்றம்

என்.டி.எம்.ஏ. உறுதியான மூலக்கூறு. நீரில் கரைந்து, கலமென்சவ்வைக் கடந்து, டி.என்.ஏ.யின் பக்கத்திலேயே நின்றாலும் அதைத் தொடாது. ஈரல் கலங்களில் சைற்றோகுரோம் பீ450 என்ற நொதியக் குடும்பம் இருக்கிறது. வேண்டாத பொருட்களை நீரில் கரையச் செய்து வெளியேற்றுவதற்காக, அவற்றில் ஓர் ஒட்சிசனைச் சேர்ப்பது அதன் வேலை. என்.டி.எம்.ஏ.யை முக்கியமாகக் கையாள்வது 2ஈ1 என்ற வகை. நைதரசனுக்கு அடுத்துள்ள காபனில், அதாவது அல்பாக் காபனில், அது ஓர் ஐதரொட்சைல் கூட்டத்தை ஏற்றுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதற்கு நொதியமே வேண்டாம். ஐதரொட்சைல் ஏறிய மூலக்கூறு தானாக உடைகிறது. ஒரு பக்கம் போமல்டிகைட்டு கழன்று போகிறது. மறுபக்கம் எஞ்சுவது இன்னும் இரண்டு படி மாறி மெதைல் டயசோனியம் என்ற நேரயனாகிறது. நீரில் அதன் அரைவாழ்வுக் காலம் ஒரு வினாடிகூட இல்லை. அந்தக் கணத்துக்குள் நைதரசன் வாயுவை உதறிவிட்டு, இலத்திரன் மிகுந்த எதைக் கண்டாலும் தன் மெதைல் கூட்டத்தை அதன்மேல் ஏற்றிவிடும். பெரும்பகுதி நீரிலேயே வீணாகிறது, கொஞ்சம் புரதத்தில் போகிறது, சிறுபகுதி டி.என்.ஏ.யை எட்டுகிறது.

அல்பாக் காபனில் ஐதரசனே இல்லாத நைத்திரோசமைன்களில் இந்தப் பாதை அடைபட்டுவிடும். அதனால் ஒரு நைத்திரோசமைனின் கட்டமைப்பைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது அல்பாக் காபனில் எத்தனை ஐதரசன் உண்டு என்பதைத்தான். மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதெல்லாம் பிறகு.

முதல் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஆய்வுகூடத்தில் பயன்படும் சல்மொனெல்லாவிடமும் ஈ. கோலையிடமும் இந்த ஈரல் நொதியங்கள் இல்லை. மெதைல் நைத்திரோசோ யூரியா, எம்.என்.என்.ஜி. போன்ற உறவுச் சேர்மங்கள் நொதிய உதவி இல்லாமலே கலத்துக்குள் உடைந்து அதே மெதைல் டயசோனியத்தைத் தருவன. பற்றீரியா மரபியலாளர்கள் வேண்டுமென்றே விகாரிகளை உண்டாக்க எம்.என்.என்.ஜி.யைப் பயன்படுத்தியது அதனால்தான்.

எந்த இடத்தில் ஒட்டுகிறது

மெதைல் கூட்டம் டி.என்.ஏ.யில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒட்டக்கூடும். மூன்றை அறிந்தால் போதும். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகள் குவானின் (ஜீ), சைற்றோசின் (சீ), அடினின் (ஏ), தைமின் (ரீ) என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 70 சதவீதம் குவானினின் ஏழாம் இடத்து நைதரசனில் ஒட்டுகிறது. அது இரட்டைச்சுருளின் அகன்ற பள்ளத்தை நோக்கியிருக்கும் இடம். சைற்றோசினோடு சோடி சேர்வதில் அதற்குப் பங்கில்லை. ஆகவே மிக அதிகமாக விழும் இந்தச் சேதம் விகாரத்தை உண்டாக்குவதில் மிகப் பின்தங்கியது. அடினினின் மூன்றாம் இடத்து நைதரசனில் விழுவது சுமார் 8 சதவீதம். அது டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியமான பொலிமரேசை வழியிலேயே நிறுத்திவிடும். திருத்தப்படாவிட்டால் கலம் சாகும். செத்த கலம் விகாரியாவதில்லை.

குவானினின் ஆறாம் இடத்து ஒட்சிசனில் விழுவது 6 முதல் 8 சதவீதம் மட்டுமே. விகாரத்தின் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. வழக்கமாகக் குவானின் சைற்றோசினோடு மூன்று ஐதரசன் பிணைப்புகளால் சேரும். ஆறாம் ஒட்சிசனில் மெதைல் ஏறியதும், பக்கத்தில் முதலாம் இடத்து நைதரசனில் இருந்த ஐதரசன் போய்விடுகிறது. இப்போது அது சைற்றோசினோடு சரியாகப் பொருந்தாது. தைமினோடு சேரும்போது சோடியின் வடிவம் பொலிமரேசுக்குச் சரியானதாகவே தோன்றும். எனவே பொலிமரேசு தைமினை வைத்துவிட்டு மேலே போய்விடுகிறது.

இனி இரட்டித்தலை இரண்டு சுற்றாகப் பிரித்து வரைந்து பாருங்கள். தாளும் பென்சிலும் இல்லாமல் இது மனதில் பதியாது. தொடக்கத்தில் குவானின்–சைற்றோசின் சோடி. குவானினில் மெதைல் ஏறுகிறது. முதல் இரட்டித்தலில் அதற்கு எதிரே தைமின் அமர்கிறது. இந்த நிலையிலும் மூல இழையில் மெதைல் தெரிகிறது. திருத்தம் இன்னும் சாத்தியம். இரண்டாவது இரட்டித்தலில் அந்தத் தைமினுக்கு எதிரே அடினின் அமர்கிறது. இப்போது கிடைத்த அடினின்–தைமின் சோடியில் மெதைலும் இல்லை, குறையும் இல்லை. எந்தத் திருத்தப் புரதம் பார்த்தாலும் பழுதற்ற டி.என்.ஏ.யாகவே தெரியும். சேதம் விகாரமாக நிலைபெறுவது இந்தக் கணத்தில்தான். ஒரே சேதம், இரண்டு இரட்டித்தல், விளைவு ஜீ–சீ சோடி ஏ–ரீ சோடியாதல்.

திருத்தம் முந்திக்கொண்டால்

பற்றீரியா சும்மா இருப்பதில்லை. மெதைல் ஏறிய அடினினை வெட்டி எடுக்க அதனிடம் தனி நொதியங்கள் உண்டு. ஆறாம் ஒட்சிசனில் ஏறிய மெதைலுக்கு அடா, ஓ.ஜீ.ரீ. என்ற இரண்டு புரதங்கள். அவை மெதைலை வெட்டுவதில்லை. தம் சிஸ்ரீன் அமினோ அமிலத்தின்மேல் வாங்கிக்கொள்கின்றன. வாங்கிய மெதைல் பின்பு இறங்காது. தேனீ ஒருமுறை கொட்டியதும் மடிவதுபோல, ஒரு புரத மூலக்கூறு அவ்விடத்து மெதைல் ஒன்றோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதனால் இங்கே எண்ணிக்கை முக்கியமாகிறது. கலத்திலுள்ள புரதங்களைவிடச் சேதங்கள் கூடிவிட்டால் மிச்சமெல்லாம் இரட்டித்தலுக்குள் போகும்.

சாதாரண ஈ. கோலைக் கலத்தில் அடா ஒரு சில மூலக்கூறுகளே இருக்கும். டி.என்.ஏ.யின் பொசுபேற்று முதுகெலும்பில் விழுந்த மெதைலையும் அது இன்னொரு சிஸ்ரீனில் வாங்கும்போது வடிவம் மாறி, தன் மரபணுவையே முடுக்கிவிடுகிறது. எண்ணிக்கை ஆயிரக்கணக்காக உயர்கிறது. சாம்சன், கெயின்ஸ் இருவரும் 1977இல் கண்டது இதன் விளைவை: எம்.என்.என்.ஜி.யைச் சிறு அளவில் பழகிய ஈ. கோலை, பின்னர் பெரிய அளவைக் கொடுத்தபோது குறைவாகவே செத்தது, குறைவாகவே விகாரமுற்றது.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. அடா, ஓ.ஜீ.ரீ. ஆகிய இரண்டு மரபணுக்களையும் நீக்கிய வை.ஜீ. 7108 என்ற சல்மொனெல்லா இனம், மெதைல் போன்ற அல்கைல் கூட்டங்களை ஏற்றும் சேர்மங்களுக்குத் தன் தாய் இனத்தைவிடப் பலமடங்கு உணர்திறன் காட்டுகிறது. விழும் சேதத்தின் அளவு அதேதான், திருத்தம் மட்டும் இல்லை.

ஏம்ஸ் சோதனை: பற்றீரியாவுக்கு ஈரலைக் கடன் கொடுப்பது

புரூஸ் ஏம்ஸ் 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் உருவாக்கிய இச்சோதனையில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்ய முடியாத சல்மொனெல்லா இனங்களைப் பயன்படுத்துவார்கள். ஹிஸ்டிடின் இல்லாத ஏகாரில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) அவை குடித்தொகை, அதாவது ஒரு கலத்திலிருந்து பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி, அமைக்க மாட்டா. பழைய விகாரம் ஒன்று மறுபடி விகாரமுற்றுச் சரியானால் மட்டுமே குடித்தொகை எழும். எழும் குடித்தொகைகளை எண்ணினால் அதுவே அளவு.

டி.ஏ. 1535, டி.ஏ. 100 இரண்டிலும் பழுதான இடம் ஒன்றே: சீ-ரீ-சீ என்று இருக்க வேண்டியது சீ-சீ-சீ ஆகி, லியூசினுக்குப் பதில் புரோலின் வந்திருக்கிறது. நடுச் சைற்றோசின் தைமினானால் மறுபடி லியூசின். எதிரிழைக் குவானினில் மெதைல் ஏறி, மேலே வரைந்த இரண்டு சுற்றும் நடந்தால் கிடைப்பது இதே மாற்றம்தான். அதனால் என்.டி.எம்.ஏ.க்கு இவ்விரு இனங்களும் நன்றாகப் பேசும். டி.ஏ. 98 சட்டகப் பெயர்ச்சியை, அதாவது எழுத்து கூடியோ குறைந்தோ வாசிப்பு நகர்ந்துபோவதை, காட்டும் இனம். ஓரெழுத்து மாற்றம் அதைச் சரியாக்காது. அதில் மட்டும் சோதித்துவிட்டு "விகாரம் இல்லை" என்று முடிவெழுதுவது தவறு.

செய்முறை இது. இரவு முழுவதும் வளர்த்த பற்றீரியா 0.1 மில்லிலீற்றர், அதாவது ஏறத்தாழ பத்துக் கோடி கலங்கள். சோதிக்கும் பொருளின் கரைசல் 0.05 முதல் 0.1 மில்லிலீற்றர். எஸ்9 கலவை 0.5 மில்லிலீற்றர். எஸ்9 என்பது எலி அல்லது ஹம்ஸ்ரர் ஈரலை அரைத்து, புவியீர்ப்பைப்போல் 9,000 மடங்கு விசையில் சுழற்றி எடுத்த மேல்திரவம். அதோடு நொதியத்துக்கு வேண்டிய என்.ஏ.டி.பி.யும் குளுக்கோசு-6-பொசுபேற்றும் மகனீசியமும் சேர வேண்டும். மூன்றையும் 37 பாகை செல்சியசில் 30 நிமிடம் ஆட்டியபடி வைத்து, 45 பாகையில் உருகிய நிலையிலுள்ள மேல் ஏகார் 2 மில்லிலீற்றரைச் சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றி, 37 பாகையில் 48 முதல் 72 மணித்தியாலம் கவிழ்த்து வைத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கிண்ணம், குறைந்தது ஐந்து அளவுகள், எஸ்9 உள்ளதும் இல்லாததுமாக.

அந்த 30 நிமிட முன்காப்பை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் நேரே ஏகாரில் கலந்து ஊற்றினால் என்.டி.எம்.ஏ. பெரும்பாலும் பிடிபடாது. திரவத்தில் நொதியமும் பற்றீரியாவும் நெருங்கியிருந்தால்தான் அற்ப ஆயுள் கொண்ட இடைப்பொருட்கள் கலத்தை எட்டும். யப்பானிய ஆய்வாளர்கள் 1977இல் நைத்திரோசமைன்களை இவ்வழியில்தான் தெளிவாகக் காட்டினார்கள். கரைப்பானும் ஆளைக் கவிழ்க்கும். பலரும் பழக்கத்தில் எடுக்கும் டி.எம்.எஸ்.ஓ., 2ஈ1 நொதியத்தைத் தடுப்பது. நீரில் கரையும் பொருளுக்கு நீரே நல்லது. 2018இல் வல்சார்ட்டான் என்ற குருதியமுக்க மருந்தில் என்.டி.எம்.ஏ. கண்டுபிடிக்கப்பட்ட பின், மருந்துகளுக்கான சோதனையில் 30 சதவீத ஹம்ஸ்ரர் எஸ்9ஐயும் சேர்க்கச் சொல்லப்பட்டது. மருந்துகளில் என்.டி.எம்.ஏ.க்கு ஐரோப்பா வைத்த எல்லை நாளொன்றுக்கு 96 நனோகிராம்.

மேல் ஏகாரில் ஹிஸ்டிடின் துளியளவு இருக்கும், பயோட்டினும் இருக்கும். பயோட்டினை மறந்தால் எதுவுமே வளராது, ஏனெனில் இந்த இனங்களில் டி.என்.ஏ. சேதத்தை வெட்டித் திருத்தும் மரபணுவை நீக்கியபோது பக்கத்திலிருந்த பயோட்டின் மரபணுவும் சேர்ந்து போயிற்று. துளி ஹிஸ்டிடின் எதற்கு? எல்லாக் கலங்களும் சில தடவை பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இரட்டித்தல் இல்லை. சேதம் சேதமாகவே நிற்கும். அந்தச் சில பிரிவுகளால் கிண்ணத்தின் அடியில் மங்கலான ஒரு படலம் தெரியும். எண்ணுவதற்கு முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும். படலம் மெலிந்திருந்தால் பொருள் கலங்களைக் கொன்றிருக்கிறது. தப்பியவற்றுக்கு மிச்ச ஹிஸ்டிடின் கூடுதலாகக் கிடைத்துச் சிறுசிறு குடித்தொகைகள் எழும். அவை விகாரிகள் அல்ல.

நம் ஊர் உணவைச் சோதிக்க விரும்புவோர் இதே காரணத்தால் ஏமாறக்கூடும். சூரை, பலயா, அவற்றிலிருந்து வரும் மாசி ஆகியவற்றின் தசையில் கட்டற்ற ஹிஸ்டிடின் ஏராளம். சாற்றை அப்படியே கிண்ணத்தில் விட்டால் விகாரமே இல்லாமல் குடித்தொகைகள் பெருகும். முதலில் ஹிஸ்டிடினைப் பிரித்தெடுக்க வேண்டும்.

டி.ஏ. 100இல் எதுவும் சேர்க்காமலே கிண்ணத்துக்கு 100 முதல் 200 வரை குடித்தொகை வருவது வழமை, டி.ஏ. 1535இல் 5 முதல் 20 வரை. முன்னதில் இருமடங்கு, பின்னதில் மும்மடங்கு, அதுவும் அளவு கூடக்கூட ஏறினால்தான் விகாரமூட்டி என்று கொள்வார்கள்.

மலைநாட்டுக் குளிருக்கும் உயரத்துக்கும் தனியாக இரண்டு எச்சரிக்கை. மேல் ஏகார் 40 பாகைக்குக் கீழே இறங்கியதும் உறையத் தொடங்கும். குளிர்ந்த அறையில், குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றினால் பரவுமுன் கட்டிபட்டு, குடித்தொகைகள் ஒரு பக்கம் குவியும். கிண்ணங்களை முதலில் 37 பாகையில் சூடாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது கிருமிநீக்கம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். நீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கும். கடல்மட்டத்தில் 121 பாகை தரும், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் அங்கே 118 பாகைதான் தரும். மானியில் 18 இறாத்தல் வரை ஏற்ற வேண்டும். கருவி அதற்கு இடம் தராவிட்டால் நேரத்தை நீட்ட வேண்டும்.

இச்சோதனை பாடசாலை ஆய்வுகூடத்துக்கு உரியதல்ல. சல்மொனெல்லா நோய்க்கிருமி; என்.டி.எம்.ஏ. ஆவியாகி மூச்சோடு போவது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள், கையுறையோடு செய்ய வேண்டியது. கரைசலை நிறக் குப்பியில் வைக்க வேண்டும். ஒளி பட்டால் நைத்திரோசமைன் சிதைந்து, சேர்த்ததாக எண்ணிய அளவு கிண்ணத்தில் இருக்காது.

பொயிலையின் கதை வேறு

கருவாட்டோடும் மரக்கறியோடும் வரும் நைத்திரோசமைனின் ஒரு பகுதி இரைப்பையில்தான் உருவாகிறது. தேசிக்காயும் பச்சை மரக்கறியும் அங்கே குறுக்கே நிற்க முடியும். வெற்றிலையோடு மெல்லும் பொயிலையில் அப்படியில்லை. புகையிலை பதமாகும்போதே, பற்றீரியா தரும் நைத்திரைற்று நிக்கொட்டீனோடும் அதன் உறவு அமைன்களோடும் சேர்ந்து என்.என்.கே., என்.என்.என். என்ற இரண்டு நைத்திரோசமைன்களை உண்டாக்கிவிடுகிறது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவ்விரண்டையும் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. பொயிலை சேர்த்த வெற்றிலையும் அதே பிரிவில். பொயிலை இல்லாமல் பாக்கோடு போடும் வெற்றிலையும் அதே பிரிவில். விற்றமின் சீ மறிப்பது நைத்திரோசமைன் உருவாவதை. வாயில் வைக்கும்போதே உருவாகி முடிந்திருப்பதை அதனால் மறிக்க இயலாது. கொழுந்து மலையில் நாள் முழுதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் பொயிலையைத் துப்பிவிடுவது ஒன்றே அந்த அளவைக் குறைக்கும்.